எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்!

"உங்க எடை எவ்வளவு?"

கேட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காலில் ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு அட்டை. கேட்ட இடம் என் க்ளினிக் இல்லை. அலாஸ்காவில் ஓர் ஏரிக்கரை. கேட்டவர் டாக்டரும் இல்லை, பைலட்!

"எழுபத்தெட்டு கிலோ" என்றேன், கொஞ்சமும் கூசாமல். மகள் அதைப் பவுண்டில் மாற்றிச் சொன்னாள். பக்கத்தில் நின்ற என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மகள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்குப் போன எங்களை டால்கீட்னா என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். ஆங்கரேஜ் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 180 கிலோமீட்டர். சுமார் ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர், ஆனால் வேடிக்கையான ஊர். முனிசிபாலிட்டியே கிடையாது. அதனால் ஸ்டப்ஸ் என்ற வாலில்லாப் பூனையை விளையாட்டாகக் கௌரவ மேயர் என்று கொண்டாடியிருக்கிறார்கள்! 1997-ல் பிறந்த அந்தப் பூனை, 2017-ல் இறக்கும் வரை மேயராகவே இருந்ததாம். வட அமெரிக்காவிலேயே உயரமான டெனாலி சிகரத்தில் (6,190 மீட்டர்) ஏறப் போகிறவர்கள் இந்த ஊரில் வந்து பதிவு செய்துகொண்டுதான் கிளம்புகிறார்கள். 2025-ல் அரசாங்கம் அந்த மலைக்கு மெக்கின்லி என்ற பழைய பெயரை மறுபடி சூட்டியது. ஊர்க்காரர்களுக்கு அது டெனாலிதான்.

அலாஸ்காவில் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலையே இல்லை. நமக்கு டவுன் பஸ் மாதிரி அவர்களுக்குக் குட்டி விமானம். சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள். ஏரியிலேயே ஓடி, ஏரியிலேயே எழும்பி, ஏரியிலேயே இறங்கும். நாங்கள் ஏற இருந்தது பீவர் என்ற ரகம். முதன்முதலில் பறந்தது 1947-ல், தயாரிப்பை நிறுத்தியது 1967-ல். என்னைவிட மூத்த விமானம்! காலாகாலத்தில் பராமரித்ததால் இன்னும் பறக்கிறது.

சரி, எடைக்கு வருவோம். அந்தப் பெண் என் பதிலை எழுதிக்கொள்ளவில்லை. "கோட்டு, பூட்ஸோட இதுல ஏறுங்க" என்று ஓர் எடை மெஷினைக் காட்டினாள். ஏறினேன். 191 பவுண்டு. அதாவது, எண்பத்தாறு கிலோவுக்கும் மேலே!

"க்ளினிக்ல வர்றவங்களை எல்லாம் மெஷின்ல ஏத்தி மிரட்டுவீங்களே... இப்ப எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

பைலட் பெண் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. உள்ளதை எழுதிக்கொண்டு, என்னை முன் சீட்டுக்கு மாற்றினாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். எடை கூடினால், தண்ணீரை விட்டு எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும், ஏரியோ சின்னது. எடை ஒரு பக்கமாகச் சேர்ந்தால் விமானத்தின் சமநிலை கெடும். "நீங்க சொல்ற எடையை விமானம் தூக்குறதில்லை சார். இருக்குற எடையைத்தான் தூக்குது."

அப்புறம் பறந்தோம். கீழே மூன்று ஆறுகள் கூடும் இடம். பனிமலை அரைத்த மாவு கலந்து, சாம்பல் நிறத்தில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடுகிறது தண்ணீர். வாயில் ஒரு துண்டு சுக்கு, கண் தொடுவானத்தில்... எனக்குக் குமட்டல் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்ன வார்த்தை மட்டும் மனசை விட்டு இறங்கவே இல்லை. காரணம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் அறுபது வயதுக்காரர் ஒருவர் சர்க்கரை நோய்க்காக என்னிடம் வந்தார். "இங்கிலீஷ் மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றேன். "இல்லைங்க ஐயா" என்றார். நானும் நம்பி மருந்து கொடுத்தேன். ஒரு நாள் ராத்திரி அவர் மனைவியிடமிருந்து போன்: உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். சர்க்கரை கரைத்துக் கொடுக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் சர்க்கரை மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து சர்க்கரையைக் கீழே தள்ளிவிட்டன.

"ஏங்க மறைச்சீங்க?" என்றேன்.

"சொன்னா நீங்க கோவிச்சுப்பீங்க. அங்கே உங்க மருந்தைச் சொன்னா அந்த டாக்டர் கோவிச்சுப்பார்."

யார் தவறு? அவருடையது பாதி. மீதி எங்களுடையது! சித்த மருத்துவரோ, ஆங்கில மருத்துவரோ, நோயாளி உண்மை சொன்னதும் முகம் சுளித்தால், அடுத்த முறை அவர் பொய்தான் சொல்வார். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து, நாடி பிடித்துப் பழகிய கைதான் இது. இருந்தும் சொல்கிறேன்: நோயாளி மறைத்ததை எல்லாம் நாடி காட்டிக் கொடுத்துவிடாது. பயமில்லாமல் சொல்ல விட வேண்டும். அந்தப் பைலட் பெண்ணிடம் நான் கற்றது அதைத்தான்.

"மூலிகைதானே, அதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவசியம் சொல்ல வேண்டும். அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுதான். நாள்கணக்கில், அதிக அளவில் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் பூண்டை மருந்தாக நிறையச் சேர்த்தால், ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். ஆபரேஷனுக்கு முன்னால் இதையெல்லாம் மறைப்பது பெரிய ஆபத்து. வேலை செய்கிற எதுவும் மருந்துதான், அதற்குப் பின்விளைவும் உண்டு. நம் மருந்துக்குச் சக்தி உண்டு என்று நம்புகிறவர்கள் இதையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

எனவே இல்லத்தரசிகளே, குடும்பத் தலைவர்களே... ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். எடை, சாப்பிடும் மாத்திரைகள், சூரணம், லேகியம், கஷாயம், பக்கத்து வீட்டு மாமி கொடுத்த பொடி உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதை நீட்டுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எடையை மாதம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள்.

அந்த டாக்டர் கோபித்தால்? கோபிக்கட்டும். கோபம் அரை மணியில் ஆறிவிடும்.

ஊர் திரும்பியதும் என் தாளையும் எழுதிவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து, காலை நடையைக் கூட்டினேன். இன்று காலை நிலவரம்: எண்பத்து மூன்று கிலோ. மனைவி சாட்சி!

உங்களுடையது எவ்வளவு?