படிக்கப் படிக்கக் குறையும் சம்பளம்!

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே! ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜே.ஆர்.எஃப். பெற்ற ஆய்வு மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. அடையாறை ஒட்டியுள்ள ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவர் கற்பித்தல் உதவியாளராகச் செய்யும் வேலைக்கு வாரம் 8 மணி நேரம் என்ற வரையறையும் உண்டு. நல்லது, வரவேற்கிறோம்.

அதே மாணவர் முனைவர் பட்டம் பெற்று, தமிழக அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால்? 2023-ல் உயர்த்திய பிறகே 25,000! அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். மே மாதத்தில் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. மாதம் 34 வகுப்பு எடுத்தாலே அந்தத் தொகை வந்துவிடும். நாளுக்கு இரண்டு வகுப்புகூட இல்லை!

தி.நகர் கடைக்காரரைக் கேளுங்கள். தொழில் கற்ற ஊழியரின் சம்பளத்தைக் குறைத்தால், மறுநாள் அவர் பக்கத்துக் கடையில் நிற்பார். விரிவுரையாளருக்குப் போக்கிடம் இல்லை. அந்தத் துணிச்சல்தான் ஆட்சியாளர்களுக்கு!

கல்லூரி நிர்வாகக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நம் பெரியவர்களே! அரசைத் தட்டிக் கேட்போம். அதற்கு முன் நம் கல்லூரிகளின் சம்பளப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அங்கே மட்டும் நீதி வாழ்கிறதா?

பெயரில் கௌரவம், கையில் பாதிக் கூலி. இந்த ஏமாற்று இனியும் வேண்டாம்!