விலை போடுகிற இடத்தில் நம்ம வீட்டுப் பிள்ளையும் இருக்கட்டும்

போன தை மாசம் எங்கள் இயற்கை உழவர் குழுக் கூட்டத்துக்கு ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கார்பன் கிரெடிட் பற்றிச் சொல்ல வந்தவர்கள். மண்ணில் கரிமம் ஏறினால் அதற்கு ஒரு விலை உண்டு, புகை விடும் கம்பெனிகள் அதை வாங்கிக்கொள்ளும், அதில் உழவருக்குப் பங்கு வரும் என்றார்கள். இருபது வருஷ ஒப்பந்தம், பக்கம் பக்கமாக ஆங்கிலம். டீயும் மிக்சரும் அவர்கள் செலவு. குழுவில் பாதிப் பேர் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டோம். நானும்தான்.

அன்றைக்கு என் அண்ணன் மகள் ஊரில் இருந்தாள். வேளாண் கல்லூரியில் கடைசி வருஷம். தாளை வாங்கிப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, எங்க சித்தப்பா பதினாலு வருஷமா ஒரு மூட்டை யூரியா வாங்கலீங்க. கொரங்காட்டை எங்க தாத்தா காலத்துல இருந்து உழவே இல்லை. இதுக்கு எவ்வளவு வருமுங்க?"

வந்தவர் நேர்மையான ஆள். மறைக்கவில்லை. "அதுக்கு வராதும்மா. இனிமே புதுசா செய்யறதுக்குத்தான்" என்றார்.

காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். மாடும் ஆடும் மேயும். உழவு கிடையாது, உரம் கிடையாது. வருஷா வருஷம் வேரும் சாணமும் மண்ணுக்குள்ளேயே போய்ச் சேருகிற நிலம் அது. அதற்குக் கணக்கில் சுழி.

காரணம் இதுதான். பணம் கொடுக்காவிட்டாலும் நடந்திருக்கும் என்றால் அதற்குப் பணம் தரக் கூடாது என்று ஒரு விதி. விதியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே நடக்கிற ஒன்றைக் காட்டி ஒரு கம்பெனி தன் புகையைக் கழித்துக்கொண்டால், காற்றில் புகை குறையவே குறையாது. ஆனால் நம் ஊரில் அது எப்படி வந்து விழுகிறது பாருங்கள். இருபது வருஷம் உப்பைக் கொட்டி மண்ணைச் சாகடித்தவர் நாளைக்குத் திருந்தினால் காசு. முதலிலிருந்தே காத்தவருக்கு ஒன்றுமில்லை. இந்த விதியை எழுதினவர்களுக்கு நம் மேல் பகை ஏதும் இருந்திருக்காது. படித்தவர்கள் உட்கார்ந்து எழுதியது. அந்த அறையில் கொரங்காடு தெரிந்த ஆள் ஒருத்தர்கூட இல்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். சுற்றுச்சூழல் பொருளாதாரமும் அதன் கொள்கைகளும் முதுகலையாகப் படிக்கப் போகிறாளாம். அண்ணன் "பேங்க் பரீட்சை எழுது" என்றார். அண்ணிக்கு வேறு கவலை. அதிகமாகச் சத்தம் போட்டது நான்தான். "மண்ணுக்கும் தண்ணிக்கும் விலை போடற படிப்பு நமக்கு எதுக்கு கண்ணு? விலை போட்டா வாங்க ஆள் வந்துடுவான்" என்றேன். மேடைகளில் நாம் எல்லோரும் சொல்வதுதான். அதில் பொய்யும் இல்லை.

"நாம போடலைன்னா விலையே இல்லைன்னு ஆகலை சித்தப்பா. சுழின்னு போட்டுட்டுப் போறாங்க" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. நொய்யல் ஞாபகம் வந்தது. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று கட்டித் திறந்தது. கொஞ்ச வருஷத்தில் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. தண்ணீர் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே கேட்க வேண்டிய நிலை வந்த அணை வேறு எங்கே இருக்கும்? பனியன் விலையில் பஞ்சு உண்டு, கூலி உண்டு, கரண்டு உண்டு. கீழே கெட்டுப்போன கிணறு மட்டும் இல்லை. இப்படிக் கணக்குக்கு வெளியே தள்ளிவிடுகிற செலவைப் பற்றி பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1920இலேயே புத்தகம் எழுதி, அதற்கு வரி போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நாம் கிணற்றடியில் நின்று கண்ணீர் விட்டதற்கு அவர்கள் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது.

பெயர் இருப்பதால் என்ன லாபம்? பாலாற்றுப் பக்கம் கேளுங்கள். தோல் பதனிடும் ஆலைகளை எதிர்த்து வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில், மாசு செய்தவரே அதற்கான செலவைக் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வுக் கணக்கும் பதிவாகியிருக்கிறது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் போடச் சொன்னார்கள். ஊர் ஊராகப் போய் யாரோ அளந்ததால் அந்த எண் நீதிமன்றம் வரை போனது. மனு கொடுப்பதில் நாம் கெட்டி. அளப்பதில் அவ்வளவு இல்லை.

உர மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அடக்க விலை அதைப்போலப் பல மடங்கு, மீதியை அரசு கட்டுகிறது. 2022-23இல் உர மானியம் மட்டும் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். யூரியா போட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அந்தச் செலவு எந்த மூட்டையிலும் அச்சாகவில்லை. நம்ம தொழுவத்தில் நாமே சேர்க்கிற எருவுக்கு அந்த மானியத்தில் பங்கும் இல்லை. "மானியத்தை மாத்துங்க" என்று நாம் கோஷம் போடும்போது, எதை, எவ்வளவு, எப்படி என்று கேட்பார்கள். ஒரு பக்கக் கணக்காவது கையில் வேண்டாமா?

அதற்காக அந்தப் படிப்பில் சொல்வதையெல்லாம் விழுங்க வேண்டும் என்றில்லை. எனக்குத் தொண்டையில் சிக்கியது ஒன்று. வருங்காலத்தில் கிடைக்கப் போவதற்கு இன்றைய மதிப்பு என்ன என்று கழிவு போட்டுப் பார்ப்பார்களாம். வருஷத்துக்கு 10 சதவீதம் கழித்தால், 50 வருஷம் கழித்துக் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 85 காசு. காசுதான், ரூபாய் இல்லை. எங்கள் வரப்பில் நிற்கும் பனை என் தாத்தா நட்டது. பனை பலனுக்கு வர 15, 20 வருஷம் ஆகும். அவர் இந்தக் கணக்கைப் படித்திருந்தால் ஒரு கொட்டைகூட ஊன்றியிருக்க மாட்டார். பேரன் குடிக்கிற பதநீருக்கு அந்தக் கணக்கில் மதிப்பே கிடையாது.

ஆனால் அந்த 10 யார் வைத்தது? இங்கேதான் எனக்குக் கண் திறந்தது. இங்கிலாந்து அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் எழுதிய பருவநிலை அறிக்கையில் 1.4 சதவீதம்தான் வைத்தார். அதே 100 ரூபாய் இப்போது 50 ரூபாய் ஆகிவிடுகிறது. இவ்வளவு குறைவாக வைக்கலாமா என்று பொருளாதாரக்காரர்களே பெரிய சண்டை போட்டார்கள். அதாவது இது மழை அளவு மாதிரி அளந்து சொல்லும் எண் இல்லை. பேரப்பிள்ளைகளை எவ்வளவு மதிக்கிறோம் என்று ஆட்கள் உட்கார்ந்து முடிவு செய்கிற எண். அணைக்கும் சாலைக்கும் காட்டுக்கும் இப்படி ஒரு எண்ணை வைத்துத்தான் கோப்பு நகர்கிறது.

நமக்கு இது புதுசும் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்காயர் படிப்பு படித்தவர், அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். அந்தப் படிப்பை வைத்துத்தான் வெள்ளைக்காரன் வரிக்கணக்கைப் பிரித்துக் காட்டினார். குஜராத்தில் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் உழவர் வரவு செலவைக் கணக்கெடுத்தார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று சிறையில் இருந்தபடி எழுதினார். 1945இல் அது புத்தகமாக வந்தது. நம் கூட்டங்களில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் கணக்குப் படித்தவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

பயம் இருக்கிறது. படித்து முடித்ததும் ஆலோசனை நிறுவனங்கள் நல்ல சம்பளத்தில் கூப்பிடும். எங்களிடம் வந்த ஒப்பந்தத்தை எழுதியதும் இப்படிப் படித்த பிள்ளையாகத்தான் இருக்கும். இவளும் அப்படி ஆகமாட்டாள் என்று நான் எழுதித் தர முடியாது. ஊரோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளலாம், அதுதான் நம் கையில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது குழுக் கூட்டத்தில் உட்கார வைப்போம். ஆய்வுக்கு நம் நிலங்களையே கொடுப்போம். பதினாலு வருஷ வரவு செலவு நோட்டு என்னிடம் இருக்கிறது. நடுவில் இரண்டு வருஷம் கறையான் தின்றுவிட்டது.

அனுப்ப நினைக்கிற பெற்றோருக்குச் சில விஷயம். பிளஸ் டூவில் கணக்கு எடுத்த பிள்ளைகளுக்கு இது சுலபம். மற்றவர்கள் புள்ளியியலை முன்கூட்டியே கொஞ்சம் படித்துக்கொள்வது நல்லது. வேளாண் பட்டம் இருந்தால் மண்ணும் பயிரும் தெரிந்து போகிறார்கள், அது பெரிய பலம். தமிழ்நாட்டிலேயே, சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சுற்றுச்சூழல் பொருளாதாரத்துக்கென்றே முதுகலை நடத்தியிருக்கிறார்கள். கட்டணம், சேர்க்கை விதி, இந்த வருஷம் பாடம் உண்டா என்பதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் நம் வருமானத்துக்கு அதிகமாகத்தான் இருக்கும். உதவித்தொகையைப் பற்றி முதலிலேயே விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தில் நாங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏற்கெனவே காத்த மண்ணுக்கு என்ன வழி, இருபது வருஷத்துக்குள் நிலம் கைமாறினால் யார் பொறுப்பு, மண் பரிசோதனையை யார் செய்வது, முடிவை எங்களுக்குக் காட்டுவார்களா என்று நாலு கேள்வியை அவளே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தாள். பங்குனியில் அனுப்பினோம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கமும் இப்படி யாராவது வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் தாளை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.