பூஜை இருக்கலாம், பாடம் கூடாதா?

புனே கோர்படித் தமிழர்கள் சிலர் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலரின் 2024 இதழில் பெரியவர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பல மதங்களைப் பற்றியும் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும் என்று முந்தைய மலரில் ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். அதற்கு இது மறுப்பாம். பெரியவர் ராணுவக் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டல் கழித்தலில் பிசகவே மாட்டார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தத் திறமையை அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார் போலும். இந்த நான்கு பக்கத்தில் கணக்கு எங்கேயும் நேராகவில்லை.

முதல் பிசகு சட்டத்தில். அரசமைப்பின் 28-ஆவது பிரிவே கதவைச் சாத்திவிட்டது என்கிறார். எந்தக் கதவை? முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், சம்மதம் இல்லாமல், சிறுவர்கள் என்றால் காப்பாளரின் சம்மதம் இல்லாமல், யாரையும் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்காரவைக்கக் கூடாது என்கிறது. இஸ்லாம் என்றால் என்ன, பௌத்தர்கள் எதை நம்புகிறார்கள், யூதர்கள் ஏன் சனிக்கிழமை வேலை செய்வதில்லை என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்வதை அது எங்கே தடுக்கிறது? மதத்தைப் போதிப்பது ஒன்று, மதங்களைப் பற்றிக் கற்பது வேறொன்று என்று கோத்தாரி கல்வி ஆணையம் 1966-லேயே பிரித்துச் சொல்லிவிட்டது. முக்கியமான ஒவ்வொரு மதத்தைப் பற்றியும் தேர்ந்தெடுத்த செய்திகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கவும் செய்தது.

போதாததற்கு, மதங்களைப் பற்றிய கல்வியைச் சேர்த்த தேசியப் பாடத்திட்டத்தை எதிர்த்து நடந்த அருணா ராய் வழக்கைத் தன் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். 2002 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது அவருக்கு நேர் எதிரானது. மதங்களைப் பற்றிய கல்வி மத போதனை ஆகாது, அது 28-ஆவது பிரிவை மீறவில்லை என்பதே தீர்ப்பு. மனுதாரர்களின் வாதத்தைப் படித்துவிட்டு அதுதான் தீர்ப்பு என்று பெரியவர் முடிவுகட்டியிருக்கிறார். அந்தப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் நோக்கத்தின் மேல் எனக்கும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. இந்தக் கல்வி எளிதில் போதனையாகத் திரிந்துவிடும், கவனம் வேண்டும் என்று அந்த அமர்வின் நீதிபதி தர்மாதிகாரியும் தனியே எழுதி எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு வாதாடியிருந்தால் பெரியவரோடு பேச விஷயம் இருந்திருக்கும். அவரோ அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்து, ‘பள்ளிக்கூடம் மதம் நுழையாத இடமாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்’ என்கிறார். எந்தப் பள்ளிக்கூடம் ஐயா அது? ஆஷாட ஏகாதசி வந்தால் பொடிசுகளுக்கு, பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வார்கரி பக்தர்களின் வேஷம் போட்டு, பையன்களுக்கு வெள்ளைக் குல்லா வைத்து, பெண்பிள்ளைகளின் தலையில் துளசிமாடம் ஏற்றி, கையில் தாளம் கொடுத்து திண்டி ஊர்வலம் நடத்தாத பள்ளியைப் புனேயில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சதுர்த்திக்குப் பிள்ளையார் வருவார். டிசம்பரில் சிவப்புக் குல்லாயும் பஞ்சுத் தாடியும் வரும். கேம்ப் பக்கத்துக் கான்வென்டுகளில் காலை ஜெபத்தோடுதான் நாள் தொடங்கும். பெரியவரின் மகனும் மகளும் அப்படி ஒரு கான்வென்டில்தான் படித்தார்கள் என்று அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். பத்து வருடம் பிள்ளைகள் கைகூப்பி ஜெபம் சொன்னபோது வராத கவலை, இயேசு யார், எந்த ஊர்க்காரர், எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்று ஒரு பாடம் வைக்கலாமா என்று கேட்டதும் வந்துவிட்டது.

மேலே சொன்ன வேஷத்தையே எடுத்துக்கொள்வோம். வார்கரிகளின் யாத்திரையில் துக்காராம் மகராஜின் பல்லக்கு தேஹுவை விட்டுப் புறப்பட்டதும் முதலில் நிற்கும் இடம் அனகட்ஷா பாபாவின் தர்கா. அங்கே அபங்கம் பாடி, ஆரத்தி எடுத்துவிட்டுத்தான் பண்டரிபுரத்துக்கு நடை. இன்றும் அதுதான் வழக்கம். ஸ்ரீகோந்தாவின் ஷேக் முகமது என்ற முஸ்லிம் கவிஞரையும் மராத்தி பக்தி மரபு தன் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. திண்டியில் நடந்த எந்தப் பிள்ளைக்கு இது சொல்லப்பட்டது? வேஷம் உண்டு, ஃபோட்டோ உண்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் உண்டு. விஷயம் மட்டும் கிடையாது. பெரியவர் கட்டிக்காக்க நினைக்கும் மதச்சார்பற்ற பள்ளி இதுதான்.

2023 ஜூலையில் தளேகாவ் தாபாடே அருகே ஒரு பள்ளியில், காலை வழிபாட்டில் கிறிஸ்தவ ஜெபம் சொல்லவைத்தார் என்று முதல்வரை ஒரு கும்பல் அடித்ததையும் கட்டுரையில் இழுத்திருக்கிறார். ‘பாருங்கள், மதம் நுழைந்தால் இதுதான் நடக்கும்.’ ஐயா, அங்கே பிரச்சினையானது வழிபாடு, பாடம் அல்ல. அந்த ஜெபம் சரியா தவறா என்று ஆயிரம் பேசலாம். அடித்தவர்களை விட்டுவிட்டு, அங்கே நடக்கவே நடக்காத ஒரு வகுப்பின் மேல் பழி போடுவதை என்னவென்று சொல்வது?

மதமாற்ற பயத்துக்கு அவர் துணைக்கு அழைப்பது பண்டித ரமாபாயை. மும்பையில் 1889-ல் தொடங்கி அடுத்த ஆண்டே புனேக்கு வந்த சாரதா சதன், இளம் விதவைகள் தங்கிப் படித்த இல்லம். ரமாபாய் 1883-லேயே இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். சதனில் இருந்த பெண்கள் அவருடைய ஜெபத்தில் போய் உட்காருகிறார்கள் என்ற புகார் பெரிதாகி, திலகரின் கேசரி தாக்கி எழுதி, 1893-ல் ரானடே, பண்டார்கர் உள்ளிட்ட ஆலோசகர்கள் விலகிக்கொண்டார்கள். நடந்தது உண்மைதான். ஆனால் அது எதைக் காட்டுகிறது? வேறு போக்கிடம் இல்லாத பெண்கள், தாங்கள் தாயாகவே நினைத்த ஒருவரின் வழிபாட்டை தினமும் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஒரே ஒரு மதம், அதுவும் பக்தியாக. அந்தப் பெண்களின் தலையை மொட்டையடித்து மூலையில் உட்காரவைத்த வீடுகளைப் பற்றிப் பெரியவருக்கு ஒரு வரி எழுதவும் நேரமில்லை என்பது இருக்கட்டும். ஆறு மதங்களைப் பற்றி ஆறு பாடம் நடத்தும் சமூக அறிவியல் வகுப்புக்கும் சாரதா சதனுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பது இதுதான்.

தன் வாதத்தைத் தானே கவிழ்த்துக்கொள்ளும் இடமும் கட்டுரையில் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில். சிறுவயதில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தன் தமிழாசிரியர் சீறாப்புராணம் நடத்திய அழகை நினைத்து உருகியிருக்கிறார். நபிகளின் வரலாற்றைப் பாடிய நூல் ஐயா அது! உமறுப்புலவரைப் படித்தீர்கள். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் சூசையப்பரைப் பாடிய தேம்பாவணியைப் படித்திருப்பீர்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், பௌத்தம் பேசும் மணிமேகலை, சைவம் பேசும் தேவாரம் என்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்துவருகின்றன. மணிமேகலை படித்த கையோடு உங்கள் வகுப்பில் எத்தனை பேர் திருவோடு ஏந்திக் கிளம்பினீர்கள்? குழம்பிப் போனீர்களா? அறுபது வருடம் கழித்தும் உருக முடிகிற அளவுக்கு அது உங்களுக்கு நன்மை செய்திருக்கிறது. கோர்படியில் பிறந்த உங்கள் பேரனுக்கு அந்தத் தமிழ் வகுப்பும் கிடையாது. அவனுக்கு வேறு வழியில் கொடுக்கலாம் என்றால் கூடாது என்கிறீர்கள்.

அவர் கையில் இருந்த ஒரே நல்ல சீட்டு சிங்கப்பூர். 1980-களில் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மத அறிவுப் பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். மத வேகம் கூடுகிறது என்று கண்டு, 1989-ல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். ஆனால் அந்தப் பாடம் எப்படி நடந்தது என்பதைப் பெரியவர் விட்டுவிட்டார். விவிலியம், பௌத்தம், இஸ்லாம், இந்து, சீக்கியம், கன்பூசிய ஒழுக்கம் என்று தனித்தனிப் பாடங்கள். மாணவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரவர் தங்கள் மதத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ள வசதியான ஏற்பாடு. இலங்கையில் இன்றும் கிட்டத்தட்ட இதே கதைதான். சாதாரண தரம் வரை சமயம் கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைக்கு சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், பௌத்தப் பிள்ளைக்கு பௌத்தம். சமய வகுப்பு மணி அடித்ததும் ஒரே வகுப்பில் இருந்த பிள்ளைகள் பிரிந்து போவார்கள். பதினோரு வருடம் படித்தும் அடுத்த பெஞ்சுக்காரர் எதை நம்புகிறார் என்று சொல்லித்தராத சமயக் கல்வி. இந்த இரண்டு நாடுகளும் பிழை செய்தன என்றால், பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்ததுதான் பிழை. அந்த ஆசிரியை கேட்டது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பற்றிப் படிக்கும் வகுப்பை. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு சிலம்பம் சுற்றியிருக்கிறார் பெரியவர்.

‘வீடு இருக்கிறதே, தாய் தகப்பன் சொல்லித்தருவார்கள்.’ தங்கள் மதத்தைச் சொல்லித்தருவார்கள், சரி. அடுத்தவர் மதத்தைப் பற்றி வீட்டில் பிள்ளை காதில் விழுவது என்ன? பக்கத்தில் இருக்கும் ஹடப்ஸருக்குப் போவோம். 2014 ஜூன் 2 இரவு. சிவாஜி மகராஜையும் பால் தாக்கரேயையும் இழிவுபடுத்தி முகநூலில் படம் வந்துவிட்டது என்று ஊர் கொந்தளித்திருந்த நேரம். அந்தப் படத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் இளம் மென்பொருள் ஊழியர் தொழுகை முடித்து வரும் வழியில் அடித்துக் கொல்லப்பட்டார். தலையில் குல்லா, முகத்தில் தாடி. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2023 ஜனவரியில் விடுதலை ஆனார்கள். அந்த வாரம் நம் வீடுகளில் சோற்றுத் தட்டின் முன்னால் என்ன பேசினோம் என்று அவரவருக்குத் தெரியும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோதும் எந்த ஆசிரியரும் வாய் திறந்திருக்க மாட்டார். பெரியவர் ‘நடுநிலை’ என்று பாராட்டுவது அந்த மௌனத்தைத்தான்.

கடைசிப் பக்கத்தில் ‘எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கின்றன, அதைச் சொன்னால் போதும், தனித்தனியாக எதற்கு’ என்று தட்டிக்கொடுத்து முடிக்கிறார். கேட்க இனிக்கிறது, கேட்ட பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. அம்பேத்கர் 1954 டிசம்பர் 25 அன்று தேஹு ரோட்டுக்கு வந்து புத்தர் சிலையை நிறுவினார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவி, 22 உறுதிமொழிகள் எடுக்கவைத்தார். எல்லா மதமும் ஒன்றுதான் என்றால் அவர் எதற்கு அவ்வளவு சிரமப்பட்டார்? எதை விட்டார், எதை எடுத்துக்கொண்டார், ஏன்? ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்த நாளில், நீலக்கொடி ஊர்வலத்தைப் பார்க்கிற கோர்படிச் சிறுவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டாமா? ‘எல்லாம் அன்புதான் கண்ணா’ என்று அவன் வாயில் மிட்டாயைத் திணித்தால் முடிந்துவிடுமா?

யார் நடத்துவது என்ற கேள்வியைப் போகிற போக்கில் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார். அவர் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். மதப் பற்றுள்ள ஆசிரியர் பக்தியைக் கலந்துவிடுவார், பற்றில்லாதவர் கிண்டலைக் கலந்துவிடுவார். இந்தப் பாடத்தைக் கையாள்வதற்கென்று ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பாடப்புத்தகத்தை அந்தந்த மதத்தவரும் படித்துப் பார்த்து ‘ஆம், எங்களைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வு இருந்தால் நம்பிக்கையைச் சோதிக்காமல் செய்தியைச் சோதிக்க வேண்டும். கடினமான வேலைதான்.

ஆனால் பயிற்சி, புத்தகம் என்று பேசினால் பெரியவர் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். நம் புனேயிலேயே இருக்கிற மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் (எஸ்.சி.இ.ஆர்.டி.) 2024 மே மாதம் பள்ளிக் கல்விக்கான மாநிலக் கலைத்திட்ட வரைவை வெளியிட்டது. மனப்பாடப் பயிற்சிக்கு ராமதாசரின் மனாச்சே ஸ்லோக், பகவத் கீதையின் 12-ஆம் அத்தியாயம். விழுமியங்கள் பற்றிய அத்தியாயத்தின் முகப்பில் மனுஸ்மிருதியிலிருந்து ஒரு சுலோகம். மகாராஷ்டிரமே அதைப் பற்றிச் சண்டை போட்டது, பொதுமக்களிடம் கருத்தும் கேட்டார்கள். அரசுப் பள்ளிக்குள் ஒரே மதம் வாசல் வழியாகவே வர முயன்ற நேரம் அது. பெரியவரின் கட்டுரை வந்த மலர் அந்த ஆண்டு தீபாவளிக்கு வெளியானது. பள்ளிக்குள் மதமே கூடாது என்று நான்கு பக்கம் எழுதியவர், அந்த வரைவைப் பற்றி அதில் ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று அடுத்த மலரில் எழுதட்டும். ஆசிரியைக்கும் சேர்த்துப் பக்கம் ஒதுக்கிவையுங்கள்.