மீடியம் மாறினால் ஆங்கிலம் வந்துவிடுமா?

கட்சி, சாதி, மதம், வருமானம் எதையும் பார்க்காமல் தமிழ்நாட்டில் எல்லோரையும் ஒன்றுசேர்த்திருக்கும் நம்பிக்கை ஒன்று உண்டென்றால் அது இதுதான்: ‘இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துவிடும்.’ கூலி வேலைக்குப் போகிறவர் வட்டிக்கு வாங்கி மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டுகிறார். அரசுப் பள்ளியில் சேர்க்கை சரிகிறது என்றதும், அரசும் அதே சரக்கைத் தன் கடையிலும் வைத்தது. 2013-14 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. ஆந்திரம் இன்னும் ஒரு படி மேலே போய், 2019இல் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஆறாம் வகுப்புவரை ஆங்கில வழியைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆங்கிலம் வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். அது பயிற்றுமொழியை மாற்றுவதால் வருவதில்லை. வரும் என்று சொல்லி விற்பது மோசடி. ஏழைப் பெற்றோரின் பணத்தில் நடக்கிற மோசடி என்பதால் கோபமும் கூடுதலாக வருகிறது.

எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள். மாடியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் யார்? தமிழ் வழியில் படித்தவர்கள் மட்டும் என்றால் என் வாதம் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் பாதி பெஞ்சில் இருப்பவர்கள் எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை ஆங்கில வழியில் படித்து, ஆங்கிலத்திலேயே இன்ஜினியரிங் பரீட்சையும் எழுதியவர்கள். நேர்காணலில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டால், மனப்பாடம் செய்துவைத்த நாலு வரி முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள். இவர்களுக்காகவே இன்ஜினியரிங் கல்லூரிகள் கடைசி ஆண்டில் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்று ஆள்வைத்து வகுப்பு நடத்துகின்றன. பதினேழு ஆண்டு ஆங்கில வழியில் படித்தும் வராதது, பிளேஸ்மென்ட்டுக்கு முந்தின ஆறு வாரத்தில் வருமா என்று யாரும் கேட்பதில்லை.

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது? ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம். மிஸ் புத்தகத்தை எடுத்து, ‘ப்ளான்ட்ஸ் ப்ரிப்பேர் தேர் ஓன் ஃபுட்’ என்று ஒரு வரி வாசிக்கிறார். பிள்ளைகள் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்கிறார்கள். உடனே மிஸ், ‘அதாவது செடி தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே பண்ணிக்குது. வெயில் வேணும், தண்ணி வேணும், காத்து வேணும். புரிஞ்சுதா?’ என்கிறார். ‘புரிஞ்சுது மிஸ்’ என்று வகுப்பே கத்துகிறது. புரிந்தும்தான் இருக்கிறது. பிறகு கேள்வி-பதில்கள் போர்டில் ஏறுகின்றன. பிள்ளைகள் நோட்டில் எழுதுகிறார்கள். வீட்டுக்குப் போய் உருப்போடுகிறார்கள். யூனிட் டெஸ்ட்டில் ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே இறக்கிவைக்கிறார்கள். முழு மதிப்பெண். ‘இருட்டு அறையில் வைத்த செடி ஏன் மஞ்சளாகிறது?’ என்று அதே பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேளுங்கள், முழிக்கும். தமிழில் கேளுங்கள், ‘வெயில் படல சார்’ என்று பட்டென்று வரும்.

அறிவியல் தமிழில் நடந்தது, ஆங்கிலம் நோட்டில் நடந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் தன் மனதில் பட்டதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாவது சொல்லும் தேவை எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை. இப்படிப் பத்து வருடம் போனால் மிஞ்சுவது நல்ல கையெழுத்துதான்.

அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் தமிழில் விளக்கியிராவிட்டால் அறிவியலும் போயிருக்கும். அவர் செய்தது அந்த வகுப்பின் ஒரே நல்ல காரியம். ஆனால் தாளாளர் அந்த வழியாக வந்தால் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

‘கனடாவில் வேற்றுமொழியில் படித்து நன்றாக வருகிறார்களே’ என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். 1965இல் மான்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சிலேயே பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் பிரெஞ்சும் கற்றார்கள், பாடமும் கற்றார்கள். அங்கே என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஆசிரியர்களுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினாலும் அவர்களுக்குப் புரியும். முதல் நாளே தாய்மொழியை வாயடைக்கவில்லை. பெற்றோர் வசதியானவர்கள், அவர்களே கேட்டு வாங்கிய திட்டம் அது. நாம் இதில் ஆசிரியரை விட்டுவிட்டோம், வசதியை விட்டுவிட்டோம், பலகையை மட்டும் கொண்டுவந்து மாட்டினோம்.

நம் பள்ளிகளில் தமிழில் பேசினால் அபராதம் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, கிளாஸ் லீடர் போர்டு ஓரத்தில் பெயர் எழுதிவைப்பானே, அதைத் தாங்கிநிற்கும் நம்பிக்கைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும். தாய்மொழியாகப் பேசுகிறவரே சிறந்த ஆசிரியர். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. வேறு மொழி புழங்கினால் தரம் கெடும். அங்கிருந்து கிளம்பிய கொள்கைகள் இவை என்று சொல்லி, ஐந்தையும் ஐந்து பொய்கள் என்று ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் தன் நூலில் பிரித்துப்போட்டார். அதெல்லாம் நம் கரஸ்பாண்டன்ட்டுகள் காதுக்கு இன்னும் வந்துசேரவில்லை. பொய்யென்று பிரித்துக்காட்டப்பட்ட கொள்கையை நாம் பிராஸ்பெக்டஸில் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

தாய்மொழி ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்பதற்கு நேர்மாறான அனுபவம் நம்மவரிடமே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரான சுரேஷ் கனகராஜா போர்க்காலத்தில் யாழ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அமெரிக்கப் பாடநூல் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்திருந்தார்கள். அதன் ஓரங்களில் அவர்கள் கிறுக்கிவைத்திருந்ததை அவர் ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துக்கொண்டார். படங்களுக்கு உள்ளூர் உடை, தமிழில் கேலி, சினிமா வசனம், அரசியல் முழக்கம். அமெரிக்க நகரத்து வாழ்க்கையை இந்த ஓரக் கிறுக்கல் வழியாகத்தான் மாணவர்கள் தங்களுக்குப் பழக்கப்படுத்திக்கொண்டார்கள். வகுப்பில் தமிழுக்கு இடம் கொடுத்தால் ஆங்கிலத்துக்கும் இடம் கிடைக்கும் என்பதை உலகத்து ஆங்கில ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் இந்தத் தமிழர். அவருக்கு முன்பே, வேல்ஸ் நாட்டிலிருந்து டாட்சன் என்பவர் தாய்மொழியையும் துணைக்கு வைத்துக் கற்பிக்கும் இருமொழி முறை பற்றி 1967இல் ஒரு நூலே எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அந்த இருமொழி முறையை நம் பி.எட். மாணவர்கள் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படிக்கிறார்கள். படித்துவிட்டு, தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளியில் வேலைக்குச் சேருகிறார்கள்.

மீடியத்தை மாற்றிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட நாடும் பக்கத்திலேயே இருக்கிறது. மலேசியா 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியது. அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடக்கம். நம்மைப் போலச் சுற்றறிக்கையோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள், புரொஜெக்டர் கொடுத்தார்கள், சம்பளத்தோடு படியும் கொடுத்தார்கள், பயிற்சியும் நடத்தினார்கள். அப்படியும் 2009இல் கைவிடுவதாக அறிவித்து, 2012 முதல் படிப்படியாகப் பழையபடிக்குத் திரும்பினார்கள். அவ்வளவு செலவு செய்தவர்களுக்கே அந்தக் கதி.

இனி ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். வியாதி அங்கேதான் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஒருவரே எல்லாப் பாடமும் எடுக்கிறார். பிளஸ் டூ முடித்து இரண்டாண்டு பட்டயப் படிப்பு படித்தவர். பெரும்பாலும் தமிழ் வழியில் படித்தவர். அதில் குறையொன்றும் இல்லை. ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியபோது அதற்கென்று புது ஆசிரியர்கள் வந்துவிடவில்லை. நேற்றுவரை தமிழில் கணக்கு நடத்திய அதே டீச்சர் கையில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

பட்டதாரி ஆசிரியருக்கு பி.எட். அங்கே ஆங்கிலம் கற்பித்தல் எப்படிச் சொல்லித்தரப்படுகிறது? நேர்முறை, இலக்கண-மொழிபெயர்ப்பு முறை, அமைப்பு முறை என்று ஒவ்வொன்றுக்கும் வரையறை, நிறை, குறை. நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு ரெக்கார்டு, பாடத்திட்ட ரெக்கார்டு, சார்ட், படம் ஒட்டிய ஆல்பம். போன வருட சீனியரின் ரெக்கார்டு இந்த வருட ஜூனியர் மேஜையில் இருக்கும். பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போனால், அங்கே லீவு போட்ட ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதே முக்கால்வாசி வேலை. தான் நன்றாக ஆங்கிலம் பேசப் பழகவும், தன் வகுப்பைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளவும் இரண்டாண்டில் ஒரு வாய்ப்பும் வராமல் பட்டம் வாங்கிவிடலாம். அடுத்தது தகுதித் தேர்வு. 2012இல் தமிழ்நாட்டில் முதன்முறை நடந்தபோது ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதி, ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. எல்லோரும் அதிர்ந்தார்கள். அந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது என்று மட்டும் யாரும் அதிரவில்லை. 150 கேள்விகளில் 30 ஆங்கிலத்துக்கு; எல்லாமே நான்கில் ஒன்றைக் கருப்பாக்கும் வகை. வாயைத் திறக்காமலேயே ஆங்கிலம் கற்பிக்கத் தகுதி பெற்றுவிடலாம்.

பணியிடைப் பயிற்சியின் கதை இன்னும் பழையது. 1950களின் இறுதியில் தொடங்கி, சென்னை மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கிலம் எடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெரிய இயக்கம் ஒன்று பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு நடந்தது. மேலே சிலருக்குப் பயிற்சி, அவர்கள் கீழே பலருக்கு, அந்தப் பலர் இன்னும் கீழே. உருண்டு உருண்டு பெரிதாகும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சென்னை வெயிலில் பனிப்பந்து! இத்தகைய அடுக்குப் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் சரக்கு கரையும் என்பது பயிற்சி நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே அடுக்கு இன்றும் நடக்கிறது. மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையத்தில் ஒருநாள் பயிற்சி, ஒரு பிபிடி, இரண்டு வேளை டீ, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து.

வேறு வழி இருக்கிறது என்பதற்கும் சான்று நம் பக்கத்திலேயே உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாகச் சொல்லித்தராமல், ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச்சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்டார்கள். பிள்ளைகள் விடையைத் தேடுவதில் மும்முரமானார்கள், ஆங்கிலம் கூடவே புழங்கியது. உலகத்து ஆங்கில ஆசிரியப் பயிற்சிப் புத்தகங்களில் எல்லாம் பெங்களூரு திட்டம் என்று இது இடம்பெற்றிருக்கிறது. கவனிக்க வேண்டியது, இது ஆங்கிலத்தை ஒரு பாடமாக வைத்து நடந்த சோதனை. மற்றப் பாடங்களின் பயிற்றுமொழியில் அவர் கைவைக்கவில்லை.

கான்வென்ட் பிள்ளைகள் சிலர் சரளமாகப் பேசுகிறார்களே என்பது அடுத்த கேள்வி. பேசுகிறார்கள். அவர்கள் வீட்டில் ஆங்கில நாளிதழ் வருகிறது, அப்பா போனில் ஆங்கிலத்தில் பேசுகிறார், அலமாரியில் ஆங்கிலக் கதைப்புத்தகம் இருக்கிறது. வீடு கொடுத்த மொழிக்குப் பள்ளி கட்டணம் வாங்கிக்கொள்கிறது. அதைப் பார்த்துவிட்டு, இந்த எதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளையைத் தெருமுனை நர்சரிப் பள்ளியில் சேர்க்கிறோம்.

தமிழ் வழிக்காகக் குரல் கொடுப்பவர்களும் இதில் தப்பிக்க முடியாது. 1999இல் அரசு ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்று ஆணையிட்டது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. தாய்மொழிவழிக் கல்வியைப் பள்ளிகள்மீது திணிக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 2014இல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தால் மூட முடியாத கதவு இது. தமிழ் வழிப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்தை நன்றாக நடத்திக் காட்டியிருந்தால் பெற்றோர் தாங்களாகவே வந்திருப்பார்கள். அதைச் செய்யாமல் தாய்மொழியின் மேன்மையை மேடையில் பேசினோம். பேசியவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளை எங்கே சேர்த்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். பெற்றோர் மேடைப் பேச்சை நம்பவில்லை, பேரப்பிள்ளைகள் போன வேனைப் பார்த்தார்கள்.

ஆங்கில வழிப் பிரிவுகளைப் பெருக்குவதை அரசு நிறுத்த வேண்டும். அந்தச் செலவையும் கவனத்தையும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள்மீது திருப்ப வேண்டும். ஆங்கிலம் எடுக்கப்போகிறவர் ஆங்கிலத்தில் பேசிக் காட்டாமல் பட்டமும் வாங்கக் கூடாது, தகுதித் தேர்வும் தேறக் கூடாது. தொடக்கப் பள்ளித் தொகுப்புக்கு ஒருவராவது ஆங்கிலத்துக்கென்றே பயின்ற ஆசிரியர் வேண்டும். இவற்றைச் செய்ய எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வரும் ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது என்ன மீடியம் என்று கேட்காதீர்கள். என் பிள்ளைக்கு ஆங்கிலம் எடுக்கப்போகிற டீச்சர் யார், அவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பார்க்க விடாத பள்ளியில் பணம் கட்டாதீர்கள்.