முத்தமும் வாய்தாவும்

ஓமர் ஷெரிஃபைத் தெரியும். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் ஒட்டகத்தில் வந்தாரே, அவர்தான். அவர் யாருக்காக மதம் மாறினார், தெரியுமோ? ஃபாதன் ஹமாமா.

எகிப்தின் மன்சூராவில் 1931-ல் பிறந்தவர். ஒன்பது வயசுக்குள் காமிரா முன்னால் நின்றாச்சு. 1954-ல் யூசுஃப் ஷாஹின் படத்தில் அவருக்கு ஜோடி ஒரு புதுமுகம். மிஷேல் என்கிற கிறிஸ்துவப் பையன். திரையில் முத்தம் என்றாலே காத தூரம் ஓடிய அம்மணி, இதில் சம்மதித்தார். பையன் பேர் மாறி, மதம் மாறி, அடுத்த வருஷமே மாப்பிள்ளை! (பெருமூச்சு விடாதீர்கள், 1974-ல் விவாகரத்து.)

என்னைக் கேட்டால் முத்தத்தைவிட 1975-ல் வந்த 'உரீது ஹல்லன்'தான் பெரிய விஷயம். 'எனக்கொரு தீர்வு வேண்டும்' என்று அர்த்தம். அன்றைய எகிப்தில் புருஷன் தலாக் சொல்ல ஒரு நிமிஷம் போதும். பெண்டாட்டி விலகணும்னா கோர்ட், சாட்சி, வாய்தா... கொடுமையை நிரூபிக்கணும். படத்தில் ஹமாமா வருஷக்கணக்கில் கோர்ட் படியேறி, கடைசியில் தோற்கிறார். கதாநாயகி தோற்கிற படம் ஓடுமா? ஓடியது. ஊரே விவாதித்தது.

1979-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1985-ல் அது செல்லாது என்றது கோர்ட். மஹரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரணத்தை நிரூபிக்காமலே மனைவி விலகலாம் என்று சட்டம் வந்தபோது வருஷம் 2000. படம் வந்து கால் நூற்றாண்டு!

ஹமாமா 2015 ஜனவரியில் காலமானார். அதே வருஷம் ஜூலையில், ஓமர்.