எலிக்கு பலித்த மருந்து மனிதனுக்கும் பலிக்குமா? முடக்குவாத ஆய்வு சொல்லும் பாடம்

முடக்குவாதம் வந்தவர்களுக்கு காலையில் விரல்களை மடக்குவதே பெரும்பாடு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். இதற்கான மருந்துகள் மனிதர்களுக்கு வரும் முன் விலங்குகளிடம் சோதிக்கப்படுகின்றன. அந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

எலிக்கு முடக்குவாதம் வருமா?

பொதுவாக வராது. விஞ்ஞானிகள்தான் வரவழைக்கிறார்கள். மூட்டுக் குருத்தெலும்பில் உள்ள 'கொலாஜன்' புரதத்தை எலிக்கு ஊசியில் செலுத்தினால், சில வாரங்களில் அதன் உடல் சொந்த மூட்டுகளையே தாக்கத் தொடங்கும். பாதம் வீங்கும். 1977-ல் வெளியான இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கைகொடுத்த எலி

லண்டனில் மார்க் ஃபெல்ட்மேன், ரவீந்தர் மைனி குழுவினர், 'டிஎன்எஃப்' என்ற புரதம்தான் வீக்கத்தைத் தூண்டுகிறது என்று சந்தேகித்தனர். எலிகளிடம் அதைத் தடுத்தபோது வீக்கம் குறைந்தது. 1992-ல் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். பலன் கிடைத்தது. அந்த மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப், 1999-ல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஏமாற்றிய குரங்கு

ஆனால் எல்லா முறையும் இப்படி நடப்பதில்லை. முடக்குவாதம், ரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து டிஜிஎன்1412. குரங்குகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. 2006 மார்ச்சில் லண்டனில் ஆரோக்கியமான 6 பேருக்குச் செலுத்தினார்கள். குரங்குக்கு பாதுகாப்பாக இருந்த அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் 6 பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையில் உயிர் பிழைத்தனர்.

காரணம் என்ன? அந்த மருந்து பற்றிக்கொள்ளும் 'சிடி28' புரதம், மனிதர்களின் ஒருவகை எதிர்ப்பு செல்களில் இருக்கிறது. குரங்கின் அதே செல்களில் இல்லை.

அப்போ விலங்கு சோதனையே வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. எலியின் வீக்கம் சில வாரக் கதை. மனிதனின் வலி பல ஆண்டுக் கதை. நோயில் எந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது என்பதை எலி காட்டும். மருந்து மனிதனுக்குப் பாதுகாப்பானதா என்பதற்கு அது மட்டும் உத்தரவாதம் ஆகாது.

விலங்கு சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022-ல் தளர்த்தியது. மனித செல்களை வைத்துச் செய்யும் மாற்றுச் சோதனைகளுக்கு இந்தியாவும் 2023-ல் விதிகளில் இடம் கொடுத்தது.

எனவே, 'முடக்குவாதத்துக்கு புது மருந்து' என்று செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: குணமானது எலிக்கா, மனிதனுக்கா?