1500 செக்கனும் 380-உம் ஒன்றல்ல

பிசுக்குமையின் அலகுகளை மாற்றுவது வெறும் பெருக்கல்தான், கைபேசியில் எண்ணைத் தட்டினால் விடை வந்துவிடும் என்ற எண்ணம் எண்ணெய்த் தொழிலில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களைக் கொண்ட திருகோணமலையில், கப்பல்களுக்கு எரிபொருள் ஏற்றும் இந்தத் துறைமுகத்தில், அந்த எண்ணத்தை அப்படியே விட்டுவிடக்கூடாது.

அதில் சரியான பகுதியும் உண்டு. டைனமிக் பிசுக்குமைக்குள்ளேயே நின்றால் பெருக்கல் போதும். ஒரு பஸ்கால் செக்கன் என்பது 10 போய்ஸ். ஒரு மில்லிபஸ்கால் செக்கன் என்பது ஒரு சென்ரிபோய்ஸ். தசமப் புள்ளியை நகர்த்தினால் வேலை முடிந்தது. உயர்தர மாணவர் எவரும் இதைச் செய்வார்.

அடுத்து, சென்ரிபோய்ஸும் சென்ரிஸ்ரோக்ஸும் நடைமுறையில் ஒன்றுதானே என்பார்கள். தண்ணீருக்கு மட்டும் அது ஏறத்தாழ உண்மை. 20 பாகை செல்சியஸில் தண்ணீரின் பிசுக்குமை ஏறக்குறைய ஒரு சென்ரிபோய்ஸ், அதன் அடர்த்தியும் கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிராம். ஆகவே இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றன. பாடப்புத்தகத்தில் தண்ணீரை வைத்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் தடம் மாறுகிறது. சென்ரிஸ்ரோக்ஸ் அளப்பது கைனமட்டிக் பிசுக்குமையை; அது டைனமிக் பிசுக்குமையை அடர்த்தியால் வகுத்துக் கிடைப்பது. அது வேறொரு கணியம். வெறும் அலகு வேறுபாடு அல்ல. ஐஎஸ்ஓ 68 என்று குறித்த ஹைட்ரோலிக் எண்ணெயின் நடு மதிப்பு 40 பாகையில் 68 சென்ரிஸ்ரோக்ஸ். அந்த வெப்பநிலையில் அதன் அடர்த்தி 0.87 என்றால், அது 59 சென்ரிபோய்ஸ்தான். கப்பலுக்கான கனரக எண்ணெயில் இடைவெளி சிறியது. வழக்கமான 380 வகைக்கு 15 பாகையில் அனுமதிக்கப்படும் உச்ச அடர்த்தி கனமீற்றருக்கு 991 கிலோகிராம். 50 பாகையில் அது 968 அளவுக்கு இறங்கும். பிழை சிறியதாக இருப்பதாலேயே ஒருவரும் கவனிப்பதில்லை. அதே பழக்கத்தோடு மெல்லிய எண்ணெய்க்குப் போகும்போது விடை நூற்றுக்குப் பதினைந்து வரை பிசகுகிறது.

இனி, செக்கன் கணக்கு. செக்கனைச் சூத்திரத்தில் போட்டால் சென்ரிஸ்ரோக்ஸ் கிடைத்துவிடும், அதோடு விடயம் முடிந்தது என்கிறார்கள். மிகவும் ஆபத்தான வாதம் இதுவே.

பிரித்தானியர் 1930-களில் தம் கடற்படைக்காகச் சீனக்குடாவில் குதங்களைக் கட்டிய காலத்தில், அவர்களுடைய எண்ணெய்த் தொழில் பிசுக்குமையை அளந்தது ரெட்வூட் கருவியால். ஒரு கிண்ணத்தில் எண்ணெயைக் குறித்த வெப்பநிலைக்குச் சூடாக்கி, அடியிலுள்ள அகேட் கல் துளையைத் திறப்பார்கள். 50 மில்லிலீற்றர் வடிய எத்தனை செக்கன் ஆகிறதோ அதுவே அளவு. எரிபொருள் எண்ணெய்க்கு வழக்கமான வெப்பநிலை 100 பாகை பரனைற், அதாவது ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ். அந்த முறை மறைந்துவிடவில்லை. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விற்கும் உலை எண்ணெயின் பெயரில் நிற்கும் 800, 1500 என்ற எண்கள் ரெட்வூட் செக்கன்களே.

100 செக்கனுக்கு மேற்பட்ட அளவுகளுக்கு, செக்கனை 0.247 ஆல் பெருக்கினால் சென்ரிஸ்ரோக்ஸ் கிடைக்கும்; மிஞ்சும் திருத்தம் புறக்கணிக்கத்தக்கது. 1500 செக்கன் எண்ணெய்க்கு வரும் விடை 370. பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அந்த 370-ஐப் பார்த்தவுடன், கப்பல் எரிபொருளில் பெயர்பெற்ற 380 வகைதான் இது என்று கை தானாக எழுதிவிடும். அது முழுத் தவறு. 380 என்பது 50 பாகை செல்சியஸில் அளந்த எண். 370 என்பது 38 பாகையில் கிடைத்தது. கனரக எண்ணெய் சூட்டுக்கு வெகு விரைவாக இளகும். அந்த 1500 செக்கன் எண்ணெயை 50 பாகைக்குச் சூடாக்கினால் சுமார் 180 சென்ரிஸ்ரோக்ஸ்தான் தேறும். 380 வகைக்கு இணையானது 3500 செக்கன் எண்ணெய். 38 பாகையில் அது 865 சென்ரிஸ்ரோக்ஸைத் தொடும்.

1500 செக்கனுக்கென்று அமைத்த சூடாக்கியுள்ள கொதிகலனில், ஒன்றுதானே என்று 380 வகையை ஊற்றினால் எண்ணெய் போதிய அளவு இளகாது. தெளிப்பான் அதை நுண்துளிகளாக உடைக்காது; எரிதல் அரைகுறையாகும், கரி படியும். கனரக எண்ணெயில் ஓடும் டீசல் இயந்திரங்கள் தெளிப்பானில் பெரும்பாலும் 10 முதல் 15 சென்ரிஸ்ரோக்ஸையே எதிர்பார்க்கின்றன. 380 வகை அந்த நிலைக்கு வர 130 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். 1500 செக்கனுக்கு இணையான 180 வகைக்கு அதைவிடக் குறைவு. சூத்திரம் இதில் எதையும் சொல்லாது. ஓர் அலகை இன்னோர் அலகாக மாற்ற அதற்குத் தெரியும்; ஒரு வெப்பநிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்த எண்ணெயின் வரைபடம் வேண்டும், அல்லது இரண்டு வெப்பநிலைகளில் அளந்த மதிப்புகள் வேண்டும்.

இவையெல்லாம் பழைய கனரக எண்ணெயின் கவலைகள், 2020-இல் கந்தகக் கட்டுப்பாடு வந்த பின் தேவையில்லை என்றும் ஒரு வாதம் உண்டு. நிலைமை நேர்மாறானது. கந்தகம் குறைந்த புதிய எரிபொருள்களின் பிசுக்குமை, கலவைக்குக் கலவை மிகவும் வேறுபடுகிறது. முன்பு வகையின் பெயரை வைத்தாவது ஓரளவு ஊகிக்க முடிந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

கப்பலுக்கு எரிபொருள் கொடுக்கும்போது வழங்கும் சிட்டையில் 15 பாகை அடர்த்தியும் கந்தக அளவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது, கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை. பிசுக்குமையை அது அப்படிக் கேட்பதில்லை. ஆகவே துறைமுகத்திலும் ஆலைகளிலும் எண்ணெய் வாங்குவோரிடம் ஒரு வேண்டுகோள்: பிசுக்குமையை நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். எண்ணோடு அலகும், அலகோடு வெப்பநிலையும் இல்லாத சிட்டையில் கையெழுத்துப் போடாதீர்கள்.